எத்திராஜ் ஒட்டிய போஸ்டர்

போன வாரம் எங்கள் கம்பெனியில் வானவில் உரிந்துவிட்டது.

ஷூவில் ஒட்டிய வானவில்லைச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் கொடுத்த ஆர்டர். வெள்ளை ஷூ, பக்கவாட்டில் வானவில் நிறத்தில் ஒரு பட்டை. அவன் ஊரில் ஜூன் மாதம் ஆணை நேசிக்கிற ஆண்களும் பெண்ணை நேசிக்கிற பெண்களும் ஊர்வலம் போவார்களாம். அதற்குக் காலில் மாட்டிக்கொள்ள ஆம்பூரிலிருந்து போகிறது. எங்கள் லைனில் உட்கார்ந்து பட்டை ஒட்டுகிற பெண்களுக்கு இது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. எல்கேஜி பிள்ளைகளுக்கு என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். நாற்பத்துநாலாம் நம்பர் காலோடு எந்த எல்கேஜி பிள்ளை இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. நான் குவாலிட்டி டிபார்ட்மென்ட். ஷூவைப் பற்றி மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு ஷூவை எடுத்துப் பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. உடனே மீட்டிங். மேனேஜர், "இன்னா சார் இது, வெள்ளக்காரன் தெருவுல நடக்கறப்பவே கொடி எறங்கிடும் போல இருக்கே" என்றார். தண்ணீரில் கரைத்த பசைதான் காரணம் என்றார்கள். பழைய பசையின் புகை வேலை செய்கிறவர்களின் நுரையீரலுக்கு ஆகாது என்று ஆர்டர் கொடுப்பவர்களே தடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. உரிந்த பட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை. எனக்கோ எத்திராஜ் அண்ணனின் ஞாபகம் குப்பென்று வந்துவிட்டது. வாசனை வந்தால் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு எல்லாமே தலைகீழ்.

அந்தக் காலத்துப் பசையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சொல்யூஷன் என்போம். தேன் நிறம், தேன் பதம், தலைக்கு ஏறுகிற ஒரு தித்திப்பு வாசனை. வேலூர் பஸ்ஸில் நாங்கள் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஜன்னலைத் திறப்பார். அது ஒட்டினால் ஒட்டியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் தூக்கினேன். டிபன் பாக்ஸோடு பெஞ்சும் சேர்ந்து வந்தது. செக்ஷனே சிரித்தது. பெஞ்சின் மறுமுனையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் சிரிக்காமல் நின்றார். "ஒட்டறதுன்னா இப்டி ஒட்டணும். கத்துக்கோ" என்றார். அவர்தான் பசைப் பிரிவு சூப்பர்வைசர் எத்திராஜ். அன்று நான் பெஞ்சுக்குக் குனிந்து சாப்பிட்டேன், மாடு தொட்டியில் சாப்பிடுவதுபோல.

பெரிய பந்தாக்காரர். கூரைக்குக் கீழேயும் கூலிங் கிளாஸ். காலில் ஏற்றுமதியில் கழித்துப்போட்ட வெள்ளை ஷூ, தலையில் வீட்டுக்குப் போகும்வரை கலையாத சீவல். நேரம் கேட்டால்கூட, "ஏன், எங்க போற?" என்று பதிலுக்குக் கேட்பார். பள்ளிகொண்டாவில் ஒரு வாடகை வீட்டில் செல்வம் என்கிறவரோடு குடியிருந்தார். செல்வம் பதப்படுத்தாத பச்சைத் தோல் ஏற்றுகிற லாரியின் டிரைவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வரும். அவர் போன பிறகும் அது போகாது. அந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, மூக்கைக்கூடச் சுளிக்காமல் எத்திராஜ் அண்ணன் டீ குடிப்பதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வீட்டு ஓனரிடம் மாமன் மச்சான் என்று சொல்லியிருந்தார்கள். ஓனரும் நம்பியதுபோல நடித்தார். ஊரும் நடித்தது.

"எல்லாருக்கும் தெரியும்டா" என்பார் எத்திராஜ் அண்ணன். "வாயால சொன்னாத்தான் அசிங்கமாம். செஞ்சிகினு கம்முனு இருந்தா ஒழுக்கமாம்."

என்னைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கே அதிகாரபூர்வமாகத் தெரியாது. ஒருநாள் கேன்டீனில் மிஷின் மெக்கானிக் ஒருவன் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தான். எத்திராஜ் அண்ணன் என் பக்கம் குனிந்து, "சாம்பாரு பேன்ட்டு மேல ஊத்திகினு கீது. கண்ண அங்க வெச்சிட்டு கரண்டிய இங்க வெச்சா இப்டித்தான்" என்றார். நான் எழுந்த வேகத்தில் மிச்ச சாம்பாரும் கொட்டியது. அன்றிலிருந்து அவரைக் கண்டால் எனக்கு நடுக்கம். அவருக்கு என்னைக் கண்டால் குஷி.

மழைக்காலத்தில் ஒருநாள் ஹைவேயில் செல்வம் அண்ணனின் லாரி கவிழ்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. திருப்பத்தூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து உடம்பை எடுத்துப் போனார். எங்கள் பக்கத்தில் குழியில் இறக்கியதும் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போடுவார்கள். எத்திராஜ் அண்ணனும் குனிந்து மண்ணை அள்ளினார். செல்வத்தின் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாருப்பா? இன்னா மொறை?" என்று கேட்டார். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற மனுஷன் அன்று ஒன்றும் கேட்கவில்லை. மண்ணைக் கீழே விட்டுவிட்டு, வெள்ளை ஷூவோடு சேற்றில் நடந்து வெளியே வந்தார். நான் இடுகாட்டு கேட்டருகே நின்றிருந்தேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. தூரத்திலிருந்து துக்கப்பட்டால் ஊர்ப்பேச்சு என்மேல் ஒட்டாது என்று ஒரு கணக்கு.

எங்கள் ஊர்ப் பக்கம் சாவுக்கு ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் செத்தவர் பாதிதான், மீதிப் பாதி உயிரோடு இருப்பவர்களுக்கு. படத்துக்குக் கீழே மகன், மருமகன், பங்காளி, சம்பந்தி, வார்டு செயலாளர், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் என்று வரிசையாகப் பேர் வரும். பேர் விட்டுப்போனால் வெட்டுக்குத்து நடக்கும். செல்வத்தின் அண்ணன் ஒட்டிய போஸ்டரில் இன்னும் பேரே வைக்காத கைக்குழந்தைகூடப் 'பேரன்' என்று இருந்தது. லாரி ஓனரின் நாய் மட்டும்தான் பாக்கி. எத்திராஜ் என்ற பேர் இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலை ஷிஃப்டுக்கு வரும்போது ரயில்வே கேட் சுவரில் புது போஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். செல்வம் அண்ணன் லாரி கதவில் சாய்ந்து பல் தெரியச் சிரிக்கிற படம். கீழே கொட்டை எழுத்தில், 'என் செல்வத்துக்கு. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த எத்திராஜ்.' மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. எங்கள் ஜில்லாவில் ஓர் ஆண் இன்னொரு ஆணுக்காக அப்படி எழுதிச் சுவரில் ஒட்டியதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அட, மனுஷன் துணிந்துவிட்டாரே என்று நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியைப் படித்ததும் நிமிர்ந்த நெஞ்சு வயிற்றுக்கு இறங்கியது.

'துயரத்தில் பங்குகொள்ளும் நண்பர்' என்று போட்டு, என் பேர். இனிஷியலோடு, செக்ஷனோடு.

ஓடிப்போய்க் கேட்டேன். "ஒருத்தன் பேராச்சும் கீழ வேணாமாடா?" என்றார் சாவகாசமாக. "காலியா உட்டா அனாதப் பொணம் மாதிரி இருக்குது."

"என்னைக் கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டா வேணான்னிருப்ப. அதான் கேக்கல."

சாதாரண நாளாக இருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன். ஆனால் அன்று மத்தியானம் ஆற்காட்டிலிருந்து என்னை மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். பெண்ணின் தாய்மாமன் வருகிறார். தாய்மாமன்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். கம்பெனி கேட்டிலும் டீக்கடையிலும் நின்று பையன் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். பஸ் ஸ்டாண்டு சுவர், டீக்கடைச் சுவர், கம்பெனி காம்பவுண்டு என்று எல்லாவற்றிலும் பையன் எப்படி என்று அச்சடித்தே ஒட்டியிருந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சுவர் சுவராக ஓடினேன். முதலில் நகத்தால் கிழித்துப் பார்த்தேன். நகம்தான் கிழிந்தது. மைதாப் பசையில் ஒட்டின போஸ்டரை மாடு தின்றுவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஒரு மாடும் வந்தது. மூக்கை வைத்தது, தும்மியது, போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாவி மனுஷன் போஸ்டரை ஷூ சொல்யூஷன் தடவி ஒட்டியிருக்கிறார். ஷூ கம்பெனிக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது.

செக்ஷனுக்குத் திரும்பிப் போய், தோல் சீவுகிற கத்தியையும், பசையை இளக்குகிற தின்னரில் ஒரு பாட்டிலையும் எடுத்துவந்தேன். தின்னரை ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினால் மெல்ல வந்தது. முழு போஸ்டரையும் எடுத்திருக்கலாம்தான். செல்வம் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கத்தி வைக்கக் கை வரவில்லை. என் பேரில் வைக்க நன்றாக வந்தது.

டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். "யார் பேருபா அது?"

"எவனோ ஒருத்தன்."

"நல்லா சொரண்டு. இனிஷியலு இன்னும் தெரியுது."

வெயிலில் தின்னர் ஆவி மண்டைக்குள் பூந்து விளையாட ஆரம்பித்தது. கடைசிச் சுவரை முடித்தபோது எனக்கு ஆம்பூரே ரொம்ப அழகாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போனால் தாய்மாமன் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மக்கன் பேடா டப்பா. அவர் முதல் வார்த்தையே, "இன்னாங்க உங்க ஊர்ல போஸ்டர்ல பேர சொரண்டி வெச்சிருக்கானுங்க? எவனோ பயந்தாங்கொள்ளி" என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. அவர் என் அம்மாவிடம், "தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தாய்மாமன் எழுந்து வந்து என்னை மோந்து பார்த்தார்.

"பெயின்ட்டு நாத்தம் அடிக்குது. இது போதைக்கு மோந்து பாக்கற கேசு" என்றார். கல்யாணப் பேச்சோடு மக்கன் பேடாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தச் சிரிப்புதான். அம்மா அழுதாள். கல்யாணத்துக்கா, பேடாவுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மறுநாள் எத்திராஜ் அண்ணன் ரயில்வே கேட் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அடி விழும் என்று நினைத்து சைக்கிளை மெதுவாக உருட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு சுரண்டின இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"என் கத்தி, என் தின்னர்" என்றார். "அதையாச்சும் ஒழுங்கா பண்ணக் கூடாதா? கோணல் மாணலா வெச்சிருக்க. ஸ்கேல் வெச்சி கட்டம் போட்டு சொரண்டியிருந்தா பாக்க லட்சணமா இருந்திருக்கும்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பேர் இருந்திருந்தால் ரெண்டு நாள் சிரித்துவிட்டு ஊர் மறந்திருக்கும். பேர் சுரண்டப்பட்டிருந்ததால் ஊருக்குத் தூக்கம் போய்விட்டது. யார் அந்த நண்பர்? டீக்கடையில் அதே பேச்சு. கணக்குப்பிள்ளை என்றார்கள், கவுன்சிலர் என்றார்கள், பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக் கொடுக்காத ஆண்கள் எல்லாரையும் சொன்னார்கள். ஊர் ஒழுக்கத்தைக் கையில் தாங்கிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகச் சந்து வழியாக எத்திராஜ் அண்ணனைத் தேடி வந்தார்கள். "அது நான் இல்லன்னு நீ நாலு பேருக்குச் சொல்லணும் எத்திராஜு" என்பார்கள். "நீங்கன்னு நான் சொல்லவே இல்லியே சார்" என்பார் அவர். "நீங்களா வந்து ஏன் சொல்றீங்க?" போகும்போது அவர்கள் வேர்வையில் நனைந்திருப்பார்கள். தோல் ஊறுகிற ஊரில் இத்தனை ஆண்கள் பயத்தில் ஊறுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தனியாள் இல்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அப்புறம் வேறு மாதிரி ஆட்களும் வந்தார்கள். முதலில் வந்தவன் ரஷீத், ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். டீக்கடையோரம் நின்று நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, அந்த காலி எடத்துல என் பேர் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான். பிறகு ஒரு பஸ் கண்டக்டர். பிறகு இன்னும் சிலர். எத்திராஜ் அண்ணன் என் முதுகில் ஓங்கித் தட்டி, "பாத்தியா? நான் பேரு போட்டு ஒருத்தனும் வர்ல. நீ பயந்து சொரண்டின, கூட்டம் கூடுது. உன் பயத்துக்கு செலை வெக்கணும்டா" என்றார்.

கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. காரணமாக, பசை டின் ஒன்றைத் திருடினார் என்று எழுதியிருந்தார்கள். போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் ஹைவே ஓரத்தில் கழித்துப்போட்ட ஷூக்களை விரித்து விற்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் பாலாற்று மணலில். "ஆத்துல தண்ணி வராத வரைக்கும் நம்ம ஆபீசுக்கு வாடக இல்ல" என்பார். கூட்டம் என்றால் அவர் பேசுவார், நாங்கள் வேர்க்கடலை தின்போம். படுமோசமான பேச்சாளர். ஆனால் வேலூர்க் கோட்டைப் பக்கம் எங்கள் ஆள் ஒருவனை போலீஸ் பிடித்து, வாட்சைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டினால், வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறவர் அவர் ஒருவர்தான். ஒரு தடவை என்னையும் இழுத்துப் போனார். நான் வாசல் வேப்பமரத்தோடு மரமாக நின்றேன். உள்ளே பேசுவது கேட்டது.

"நீ இன்னாய்யா அவனுக்கு?"

"அண்ணன் சார்."

"சொந்த அண்ணனா?"

"சொந்த அண்ணன் வந்திருந்தா நான் எதுக்கு சார் வர்றேன்?"

அந்தப் பையனோடு வெளியே வந்தார். வாட்சும் வந்தது. மரத்தைப் பார்த்து, "வா தோஸ்த், போலாம்" என்றார். இப்படி எத்தனை தடவை போனாரோ. அடி வாங்கிக்கொண்டு வந்ததும் உண்டு. அன்று மட்டும் கூலிங் கிளாஸை ராத்திரியிலும் கழற்றமாட்டார்.

பல வருஷம் கழித்து, இது குற்றமில்லை என்று டெல்லியில் பெரிய கோர்ட்டு தீர்ப்பு சொன்ன அன்று, ஸ்வீட் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அவருக்குச் சர்க்கரை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. "பேஜாரா கீதுடா" என்றார். "இனிமே எவன்கிட்ட போய் சண்ட போடறது?" கொஞ்சம் பொறுத்து, "செல்வம் அண்ணங்காரன் உசுரோட கீறானா பாரு. அவங்கிட்ட தீர்ப்பக் காட்டி ஒரு புடி மண்ணு வாங்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஸ்வீட் டப்பாவை மூடினேன்.

போன வருஷம் அவரும் போய்விட்டார். மண் போட நாங்கள் எல்லாரும் போனோம். என்ன முறை என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு உறவு என்று யாரும் வரவில்லை. பேனர் அடிக்க நானும் ரஷீத்தும் போனோம். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், ரஷீத்தும் நானும் ரொம்ப வருஷமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். தெருவில் எங்களைப் பார்ட்னர்கள் என்பார்கள். என்ன பிசினஸ் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர், "கீழ யார் பேர் சார் போடறது?" என்றார். அந்த வயதிலும் வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். என் பேரைச் சொன்னேன், இனிஷியலோடு. "இன்னும் பெரிசா" என்றேன். "இன்னும்" என்றேன். அடித்து வந்த பேனரைப் பார்த்துவிட்டு ரஷீத், "செத்தது யாரு, அவரா, நீயா?" என்றான். எத்திராஜ் அண்ணன் பேரைவிட என் பேர் பெரிதாக இருந்தது. பக்கத்தில் ரஷீத்தின் பேரையும் போட்டிருந்தேன். அதை அவன் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ரயில்வே கேட் சுவரில் அதைக் கயிறு போட்டுக் கட்டினோம். பக்கத்திலேயே அந்தப் பழைய போஸ்டரின் மிச்சம் இருந்தது. செல்வம் அண்ணனின் சிரிப்பு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, எழுத்து எல்லாம் போயிருந்தது. நான் கோணலாகச் சுரண்டிய இடம் மட்டும், சுற்றிலும் பழுப்பேறிய பசையோடு, பளிச்சென்று அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் பேனரைக் காணோம். கொஞ்ச நாள் கழித்து ஹைவேயில் ஓர் இளநீர் வண்டிக்குக் கூரையாகப் பார்த்தேன். எத்திராஜ் அண்ணன் தலைகீழாக, கூலிங் கிளாஸோடு, வருகிற போகிறவர்களுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓர் இளநீர் குடித்துவிட்டு வந்தேன். பேனரைத் திருப்பிக் கேட்கவில்லை.

பாலாற்றில் இப்போது மணல் இல்லை. எங்கள் ஆபீசை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய் யார் யாரோ வீடு கட்டிவிட்டார்கள். எங்களைப் போன்ற இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஃபோனிலேயே சந்தித்து, ஃபோனிலேயே சண்டை போட்டு, ஃபோனிலேயே பிரிந்துகொள்கிறார்கள். எங்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள், வயிற்றெரிச்சல்தான் எனக்கு. கம்பெனியில் வானவில்லை ஒட்டினால் நிற்காது, சுற்றித் தைத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. "பழைய சொல்யூஷன் ஒரு சொட்டு வெச்சா சாவறவரைக்கும் நிக்கும் சார்" என்றேன். "அதெல்லாம் இப்ப ஏது சார்" என்றார் மேனேஜர்.

ரோடு அகலமாக்க ரயில்வே கேட் சுவரையும் போன மாதம் இடித்துவிட்டார்கள். இடிந்த காரைகளைக் காலால் புரட்டிப் பார்த்தேன். எந்தத் துண்டிலும் பழுப்புப் பசை இல்லை. இப்போதும் அந்த இடத்தைத் தாண்டும்போது என் கை சட்டைப் பைக்குப் போகிறது, கத்தியைத் தேடி. சுரண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது. அதை எத்திராஜ் அண்ணன் பழைய பசையில் ஒட்டியிருப்பார் போல.